எலக்ட்ரிக் பெற்றோல் பம்புக்கு ரிலே: எஞ்சின் நின்றால் பம்பும் நிற்க வேண்டும்

வேகன்காரன், வெள்ளவத்தை:

வணக்கம். எங்கள் வீட்டில் ஓடுவது டொயோட்டா கொரோலா டிஎக்ஸ் வேகன், 4கே எஞ்சின், காபரேட்டர். மத்தியான வெயிலில் காலி வீதி நெரிசலில் மாட்டிக்கொண்டால் லைனில் பெற்றோல் ஆவியாகி எஞ்சின் திணறும். அதனால் பிளொக்கில் இருந்த மெக்கானிக்கல் பம்பைக் கழற்றிவிட்டு, பின்னால் தாங்கிக்குப் பக்கத்தில் ஓர் எலக்ட்ரிக் பம்ப் போட்டோம். 2.5 முதல் 4 பி.எஸ்.ஐ. வரை என்று பம்பில் அச்சடித்திருக்கிறது. அதோடு நெரிசல் தொல்லை தீர்ந்தது.

இப்போது வேறொரு சிக்கல். பம்புக்கான வயரை இக்னிஷன் சுவிச்சிலிருந்து நேராக இழுத்திருக்கிறார்கள். இரவு மழையில் வைப்பரும் புளோவரும் ஓடும்போது பம்பின் சத்தம் தளர்ந்துவிடுகிறது, மேடு ஏறும்போது இழுவையும் குறைகிறது. ரிலே (சிறிய கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடும் சுவிச்) போட்டால் சரியாகும் என்கிறார்கள். கையில் நாலு கால் ரிலே ஒன்று இருக்கிறது: 30, 85, 86, 87. எந்தக் காலுக்கு எந்த வயர்? பியூஸ் எத்தனை ஆம்பியர்? வீட்டு வயரிங்கில் மிஞ்சிய 7/0.67 வயர் கொஞ்சம் கிடக்கிறது. அது போதுமா?

பழைய பாஸ், தெமட்டகொடை:

தம்பி, இது சின்ன வேலை. பற்றரி பொசிட்டிவிலிருந்து பியூஸ் வழியாக 30க்கு. 87இலிருந்து பம்புக்கு. இப்போது பம்புக்குப் போகிற இக்னிஷன் வயரை வெட்டி 86க்கு. 85ஐ எர்த்துக்கு, அதாவது காரின் பொடிக்கு. திறப்பைப் போட்டால் ரிலே 'டிக்' என்று அடிக்கும், பம்ப் ஓடும். அரை நாள் வேலைகூட இல்லை.

மல்டிமீற்றர், தெகிவளை:

பாஸ் சொன்ன கால்கள் சரி. ஆனால் ஒரு வயரையும் வெட்டுவதற்கு முன் அளந்து பாருங்கள். எங்கே எவ்வளவு வோல்ட் போகிறது என்று தெரியாமல் ரிலே போட்டால், பாதிக் கோளாறு அப்படியே இருந்துவிடும்.

பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போது, வைப்பரையும் புளோவரையும் போட்டுவிட்டு மூன்று அளவு எடுங்கள். முதலில் பற்றரியின் இரண்டு முனைக்கும் இடையில். அடுத்து, மீற்றரின் ஒரு முள் பற்றரி பொசிட்டிவில், மற்றது பம்பின் பொசிட்டிவ் முனையில். கடைசியாக, ஒரு முள் பம்பின் எர்த் முனையில், மற்றது பற்றரி நெகட்டிவில். இரண்டாவதும் மூன்றாவதும் வழியில் தொலைகிற வோல்ட். பம்பை நிறுத்திவிட்டு அளந்தால் எல்லாம் நன்றாக இருப்பதுபோலத்தான் காட்டும், ஏனென்றால் கரண்ட் ஓடாதபோது வோல்ட் எங்கும் குறைவதில்லை. மீற்றர் வயர் பின்பக்கம் வரை எட்டாவிட்டால் நீளமான வயர் ஒன்றை நடுவில் சேர்த்துக்கொள்ளுங்கள். அதனால் அளவு மாறாது.

வேகன்காரன், வெள்ளவத்தை:

அளந்தேன் அண்ணா. எஞ்சின் ஓடவில்லை, திறப்பு மட்டும் போட்டிருந்தது. பற்றரியில் 12.4. பொசிட்டிவ் பக்கம் 1.7. எர்த் பக்கம் 0.8. ஆக பம்புக்குக் கிடைப்பது 9.9தான். மீற்றரைத் தொடராகப் போட்டுப் பார்த்ததில் பம்ப் எடுக்கும் கரண்ட் 2 ஆம்பியருக்குச் சற்றுக் கூட.

மல்டிமீற்றர், தெகிவளை:

அந்த 0.8ஐப் பாருங்கள். அதை எந்த ரிலேயும் சரியாக்காது. பம்பின் கறுப்பு வயரை எங்கே பூட்டியிருக்கிறார்கள் என்று போய்ப் பாருங்கள். பெரும்பாலும் பெயின்டுக்கு மேலேயே ஒரு ஸ்குரூ அடித்திருப்பார்கள். சுரண்டி வெள்ளைத் தகரம் தெரிய வைத்து, பல் வொஷர் போட்டு இறுக்கி, மேலே கிரீஸ் பூசுங்கள். கடற்கரை ஓரம் இருக்கிறீர்கள், மரைன் டிரைவ் உப்புக்காற்றில் திறந்து கிடக்கிற எர்த் சீக்கிரமே கறல் பிடித்துவிடும்.

பொசிட்டிவ் பக்கத்து 1.7க்குத்தான் ரிலே. இக்னிஷன் சுவிச்சின் தேய்ந்த கொண்டாக்ட் ஒன்றுக்குள்ளால் இக்னிஷன் கொயில், வைப்பர், புளோவர், பம்ப் எல்லாம் போகின்றன. எல்லாவற்றின் கரண்டும் சேர்ந்து அங்கே வோல்ட்டைத் தின்கிறது. ரிலேயின் கொயில் எடுப்பது 0.15 ஆம்பியர் அளவுதான். மீற்றரை ஓமில் வைத்து 85க்கும் 86க்கும் இடையில் பாருங்கள், 80 முதல் 100 ஓம் வரை காட்டும். அவ்வளவு சிறிய கரண்டை எந்தப் பழைய சுவிச்சும் தாங்கும்.

வயர் கணக்கு: 1.5 சதுர மில்லிமீற்றர் செம்பு வயர் ஒரு மீற்றருக்கு ஏறக்குறைய 0.012 ஓம். பற்றரியிலிருந்து தாங்கிவரை 5 மீற்றர் என்று வையுங்கள், 0.06 ஓம். 2 ஆம்பியருக்கு 0.12 வோல்ட் போகும், பரவாயில்லை. இதுவே 6 ஆம்பியர் இழுக்கும் இஎஃப்ஐ பம்ப் (காபரேட்டர் இல்லாமல் கம்ப்யூட்டர் பெற்றோலைப் பீய்ச்சும் எஞ்சினுக்கானது) என்றால் 0.36 வோல்ட் ஆகிவிடும். அதற்கு 2.5 சதுர மில்லிமீற்றர் போட வேண்டும்.

7/0.67 என்பது அதே 2.5 சதுர மில்லிமீற்றர்தான். கணக்குக்குப் போதும், ஆனால் காருக்கு வேண்டாம். அதற்குள் இருப்பது ஏழு தடித்த கம்பி. வீட்டுச் சுவரில் அசையாமல் கிடக்கச் செய்தது. கார் அதிர அதிர, முனையில் கிரிம்ப் பண்ணிய இடத்தில் ஒவ்வொரு கம்பியாக முறியும். மெல்லிய இழைகள் நிறைய உள்ள ஓட்டோ வயர் வாங்குங்கள்.

பியூஸ் 7.5 போதும். 15 ஆம்பியர் இஎஃப்ஐ பம்புக்கு. பியூஸை பற்றரியிலிருந்து ஒரு சாணுக்குள் வையுங்கள். பற்றரிக்கும் பியூஸுக்கும் இடையில் உள்ள வயர் எங்காவது உரசி எர்த் ஆனால் அதைக் காப்பாற்ற எதுவுமே இல்லை.

பஞ்சிகாவத்தை நானா:

கடைக்காரன் சொல்கிறேன், ரிலேயைப் பார்த்து வாங்குங்கள். மூடியில் 40 ஆம்பியர் என்று எவரும் அச்சடிக்கலாம். கையில் எடுத்தால் காற்றுப்போல இருக்கும், கால்கள் தகடுபோல வளையும். அதை வைத்துவிடுங்கள். ரிலேக்குச் சொக்கெட்டும் சேர்த்து வாங்குங்கள். தனித்தனி கனெக்டரைக் காலில் செருகினால் கொஞ்ச நாளில் தளர்ந்து சூடாகும். ரிலேயைக் கால்கள் கீழே பார்க்கும்படி பூட்டுங்கள், மழைத்தண்ணீர் உள்ளே தேங்காது.

மைனர்1000, கொட்டாஞ்சேனை:

இடையில் ஒரு கேள்வி. என்னுடையது மொரிஸ் மைனர், எஸ்யூ கம்பெனியின் எலக்ட்ரிக் பம்ப், பொசிட்டிவ் எர்த் (பற்றரியின் பொசிட்டிவ்தான் பொடிக்குப் போகிறது). இதே முறையில் ரிலே போடலாமா?

மல்டிமீற்றர், தெகிவளை:

போடலாம், ஆனால் உங்களுக்குத் தேவைப்படாது ஐயா. எஸ்யூ பம்ப் எடுப்பது மிகக் குறைந்த கரண்ட், அதுவும் விட்டுவிட்டு. பம்ப் தளர்ந்திருந்தால் முதலில் கறுப்பு மூடியைக் கழற்றி உள்ளே இருக்கும் பொயின்டைப் பாருங்கள், கருகியிருக்கும். அதைச் சுத்தம் செய்தாலே பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

அப்படியும் ரிலே போடுவதென்றால் டயோட் (கரண்டை ஒரு பக்கமாக மட்டும் விடும் பாகம்) இல்லாத ரிலேயாக எடுங்கள். டயோட் உள்ளதில் 86க்கு எப்போதும் பொசிட்டிவ் வர வேண்டும். பொசிட்டிவ் எர்த் காரில் வழக்கம்போல 85ஐ பொடிக்குக் கொடுத்தால் டயோட் குறுக்கே கரண்டை விட்டு பியூஸை எரிக்கும். மூடியிலேயே சின்ன முக்கோணமும் கோடுமாக வரைந்திருந்தால் அதற்குள் டயோட் இருக்கிறது.

மைனர்1000, கொட்டாஞ்சேனை:

நன்றி. மூடியைக் கழற்றிப் பார்க்கிறேன்.

மல்டிமீற்றர், தெகிவளை:

வேகன்காரத் தம்பிக்கு இன்னொன்று சொல்ல வேண்டும். எனக்கு இந்த இழையிலேயே முக்கியம் இதுதான். பாஸ் சொன்ன முறையில் 86க்கு இக்னிஷனைக் கொடுத்தால், திறப்பு போட்டிருக்கும்வரை பம்ப் ஓடிக்கொண்டே இருக்கும், எஞ்சின் ஓடினாலும் ஓடாவிட்டாலும். எங்காவது மோதி, எஞ்சின் நின்று, முன்னால் பெற்றோல் ஹோஸ் அறுந்துவிட்டது என்று வையுங்கள். சாரதி திறப்பைத் திருப்பும் நிலையில் இல்லை. அந்தப் பம்ப் தாங்கியில் உள்ளதையெல்லாம் சூடான எக்ஸோஸ்ட் மேலே ஊற்றும்.

நீங்கள் கழற்றிய மெக்கானிக்கல் பம்பில் இந்த ஆபத்து இல்லை. அதை அடிப்பது கேம்சாஃப்ட். எஞ்சின் நின்றால் அதுவும் நிற்கும். எலக்ட்ரிக் பம்புக்கு மாறும்போது அந்தப் பாதுகாப்பைக் கழற்றி வைத்துவிடுகிறோம். அதைத் திரும்பப் போட்டால்தான் வேலை முடிந்தது என்பேன்.

பழைய பாஸ், தெமட்டகொடை:

நான் செய்து கொடுத்த வாகனங்கள் இந்தக் கொழும்பில் எத்தனையோ ஓடுகின்றன. ஒன்றிலும் அப்படி நடந்ததில்லை. வயர் கூடக் கூடப் பழுதும் கூடும். நடுவீதியில் பாதுகாப்பு சுவிச் பழுதாகி பம்ப் நின்றால் அதுவும் ஆபத்துத்தானே?

மல்டிமீற்றர், தெகிவளை:

அது நியாயமான கேள்வி பாஸ். பழுதானால் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்துத்தான் தெரிவு செய்ய வேண்டும். பம்ப் நின்றாலும் காபரேட்டர் கிண்ணத்தில் உள்ள பெற்றோலில் எஞ்சின் சற்று நேரம் ஓடும், ஓரம் கட்டலாம். தீ அந்த அவகாசம் தராது.

இஎஃப்ஐ கார்களில் கம்பெனியே இதைச் செய்துதான் அனுப்புகிறது. எஞ்சின் சுற்றும் சிக்னல் வராவிட்டால் கம்ப்யூட்டர் பம்ப் ரிலேயை விட்டுவிடும். நாம் காபரேட்டர் காரில் கையால் போடும்போது மட்டும் ஏன் அதைத் தவிர்க்க வேண்டும்?

சிவிக் அக்கா, பம்பலப்பிட்டி:

இதைப் படித்ததும் என் காரின் நோய் நினைவுக்கு வந்தது. 90களின் சிவிக். வெயிலில் நிறுத்திவிட்டு வந்தால் ஸ்டார்ட் ஆகாது. ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றும். கதவைத் திறந்து வைத்துவிட்டுக் காத்திருந்தால் ஒன்றும் நடக்காததுபோல ஸ்டார்ட் ஆகிவிடும். கராஜில் பம்பை மாற்றச் சொல்கிறார்கள்.

மல்டிமீற்றர், தெகிவளை:

பம்பை மாற்றாதீர்கள் அக்கா. அந்தக் கால ஹொண்டாக்களில் டாஷ்போர்டுக்குக் கீழே மெயின் ரிலே என்று ஒரு பெட்டி இருக்கும். அதற்குள் உள்ள ஈயப்பற்று வருடக்கணக்கில் சூடாகிக் குளிர்ந்து, காலைச் சுற்றி மயிரிழை வளையமாக வெடித்துவிடும். சூட்டில் விரிந்தால் தொடர்பு விடும், ஆறினால் சேரும். திறப்பைப் போட்டதும் பின் இருக்கைப் பக்கம் காது கொடுங்கள். பம்ப் 2 நொடி ஓடி நிற்க வேண்டும். ஸ்டார்ட் ஆகாத நேரத்தில் அந்தச் சத்தம் வராவிட்டால் அந்தப் பெட்டியைக் கழற்றி மறுபடி ஈயம் வைக்கச் சொல்லுங்கள்.

அதே காலத்துக் கொரோலா இஎஃப்ஐ வைத்திருப்பவர்களுக்கும் ஒன்று. எஞ்சின் பக்கத்து டயக்னோசிஸ் பெட்டியில் +பி, எஃப்பி என்று இரண்டு துளை இருக்கும். திறப்பைப் போட்டு இரண்டையும் ஒரு துண்டு வயரால் இணைத்தால் பம்ப் ஓட வேண்டும். ஓடினால் பம்பும் அதன் வயரும் நல்லது. கோளாறு ரிலேயில் அல்லது அதற்கு வரும் சிக்னலில். சோதனை முடிந்ததும் துண்டு வயரை எடுத்துவிடுங்கள். சிலர் அதையே நிரந்தரமாக விட்டு ஓட்டுகிறார்கள். கம்பெனி போட்ட பாதுகாப்பு அத்தோடு போயிற்று.

பஞ்சிகாவத்தை நானா:

2022இல் பெற்றோல் வரிசையில் நின்ற காலத்துக்குப் பிறகு தாங்கிக்குள் இருக்கும் பம்ப் கேட்டு வருகிறவர்கள் கூடிவிட்டார்கள். எல்லோரும் அடிமட்டத்தில் ஓட்டினார்கள். அந்தப் பம்பைக் குளிர்விப்பதே அதைச் சுற்றி நிற்கும் பெற்றோல்தான். அடியில் தேங்கிய அழுக்கும் சேர்ந்து உள்ளே போயிருக்கும்.

சிவிக் அக்கா, பம்பலப்பிட்டி:

ரிலேயைத் திறந்து பார்த்தார்கள். பெரிய கால் ஒன்றைச் சுற்றி வட்டமாக வெடிப்பு, வெறும் கண்ணுக்கே தெரிந்தது. ஈயம் வைத்த பிறகு நல்ல வெயிலிலும் ஸ்டார்ட் ஆகிறது. பெரிய உபகாரம்.

வேகன்காரன், வெள்ளவத்தை:

சரி, எஞ்சினோடு பம்ப் நிற்க என்ன வழிகள் இருக்கின்றன? 4கேயில் கம்ப்யூட்டர் இல்லையே. ஓயில் சுவிச்சிலிருந்து எடுக்கலாம் என்று ஒருவர் சொன்னார்.

மல்டிமீற்றர், தெகிவளை:

ஓயில் பிரஷர் சுவிச் நல்ல யோசனை, ஆனால் உங்கள் எஞ்சினில் இருக்கும் சுவிச் அதற்கு உதவாது. அது எச்சரிக்கை விளக்குக்கானது. பிரஷர் இல்லாதபோது எர்த் கொடுக்கும், பிரஷர் வந்ததும் விட்டுவிடும். நமக்கு வேண்டியது நேரெதிர். ஐந்து கால் ரிலேயின் 87ஏ காலை (ரிலே பிடிக்காதபோது 30உடன் சேர்ந்திருப்பது) பயன்படுத்திச் சிலர் அதைப் புரட்டி எடுக்கிறார்கள். அதில் ஒரு வயர் அறுந்தால்கூட ரிலே தளர்ந்து பம்ப் ஓடியபடியே இருக்கும். பாதுகாப்புக்கென்று போட்டது பழுதாகும்போது ஆபத்தின் பக்கம் சாய்கிறது. அது வேண்டாம்.

பம்புக்கென்றே மூன்று முனை ஓயில் சுவிச் வருகிறது. அதில் கவனிக்க வேண்டியது புரி. அமெரிக்கச் சுவிச் 1/8 என்பிடி என்ற குழாய்ப் புரி, அங்குலத்துக்கு 27 புரி. டொயோட்டா பிளொக்கில் 28 புரி. ஒரு சுற்று இரண்டு சுற்று ஏறும், பிறகு இறுகும், அப்புறம் ஓயில் கசியும். அடாப்டரும் டீ துண்டும் போட்டு நீட்டினால் அதிர்வில் முறிகிற அபாயமும் இருக்கிறது.

பழைய பாஸ், தெமட்டகொடை:

அல்டர்னேட்டரின் 'எல்' முனையிலிருந்து எடுக்கலாம். சார்ஜ் விளக்குக்குப் போகிற வயர். எஞ்சின் ஓடினால் அதில் பற்றரி வோல்ட் வரும், நின்றால் ஒன்றிரண்டு வோல்ட்தான், ரிலே பிடிக்காது. ஸ்டார்ட் அடிக்கும்போது பம்ப் ஓட ஸ்டார்ட்டர் வயரிலிருந்தும் ஒரு கிளை. இரண்டிலும் ஒவ்வொரு டயோட், இல்லாவிட்டால் 'எல்' முனையின் கரண்ட் ஸ்டார்ட்டர் பக்கம் போய்விடும். இதை நான் முன்பு டீசல் வாகனங்களில் வேறு வேலைக்குச் செய்திருக்கிறேன்.

மல்டிமீற்றர், தெகிவளை:

அருமை பாஸ், அது வேலை செய்யும். பெல்ட் அறுந்தால் பம்பும் நிற்கும், அது ஒன்றுதான் குறை.

நான் போடச் சொல்வது டாக்கோ ரிலே. இக்னிஷன் கொயிலின் நெகட்டிவ் முனையிலிருந்து ஒரு வயர் அதற்குப் போகும். பொயின்ட் திறந்து மூடும் துடிப்பு வந்துகொண்டிருந்தால் பம்பை ஓட விடும், துடிப்பு நின்றால் ஒரு நொடி அளவில் வெட்டிவிடும். கே-ஜெட்ரோனிக் என்ற பெற்றோல் பீய்ச்சும் முறை போட்ட பழைய ஐரோப்பியக் கார்கள் பலவற்றில் இதுதான் இருந்தது. எஞ்சினில் எதையும் துளைக்க வேண்டியதில்லை, ஓயில் பக்கமே போக வேண்டாம்.

பஞ்சிகாவத்தை நானா:

தேடினால் கிடைக்கும் தம்பி. 4 சிலிண்டருக்கானதா என்று பார்த்து எடுங்கள். திறப்பைப் போட்டதும் ஓரிரு நொடி தானாக ஓட்டி நிரப்பும் வசதி எல்லாவற்றிலும் இல்லை, கேட்டு வாங்குங்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. அந்த இடைவெளியில் பழைய கார்களை எப்படியாவது ஓட வைக்க வேண்டியிருந்ததால் இப்படியான சாமான்களுக்கு இங்கே மதிப்புக் கூடிவிட்டது.

வேகன்காரன், வெள்ளவத்தை:

வேலை முடிந்தது. பற்றரிக்குப் பக்கத்தில் 7.5 பியூஸ், அங்கிருந்து ரிலேயின் 30. 87இலிருந்து புதிய ஓட்டோ வயர், நெளிகுழாய்க்குள் போட்டு, பிரேக் லைன் போகிற வழியே கிளிப் அடித்துப் பின்னால் போகிறது. எக்ஸோஸ்டுக்கு மறுபக்கம். பழைய இக்னிஷன் வயர் டாக்கோ ரிலேக்கு. அதிலிருந்து வருவதை 86க்குக் கொடுத்தேன், பம்பின் கரண்டை நாலு கால் ரிலேயே சுமக்கிறது. பம்பின் எர்த்தைச் சுரண்டிப் பூட்டினேன். நீங்கள் சொன்னதுபோலவே பெயின்டுக்கு மேல்தான் ஸ்குரூ இருந்தது, அதைச் சுற்றிப் பச்சை பூத்திருந்தது. மெக்கானிக்கல் பம்ப் இருந்த துளையை கேஸ்கட் வைத்துத் தகட்டால் மூடியிருக்கிறது.

அதே வைப்பர், அதே புளோவர் போட்டு அளந்தேன். பற்றரி 12.4, பொசிட்டிவ் பக்கம் 0.1, எர்த் பக்கம் 0.1. பம்பில் 12.2.

பழைய பாஸ், தெமட்டகொடை:

நல்ல வேலை தம்பி. எஞ்சின் நிற்கும்போது பம்ப் நிற்கிறதா என்று பார்த்தீர்களா? திறப்பைத் திருப்பாமல் பார்க்க வேண்டும்.

வேகன்காரன், வெள்ளவத்தை:

பார்த்தேன் பாஸ். ஹேண்ட் பிரேக்கை இழுத்து, மூன்றாவது கியரில் கிளச்சை விட்டு எஞ்சினை நிறுத்தினேன். திறப்பு போட்டபடியே இருந்தது. ஒரு நொடி ஓடி பம்ப் நின்றது. தம்பியைப் பின்னால் குந்தவைத்துக் காது கொடுக்கச் சொன்னேன், அவனும் உறுதி சொன்னான்.

இன்னும் ஒரு சந்தேகம். கார் கிழமைக்கணக்கில் நின்றால் கிண்ணம் காய்ந்துவிடும். அப்போது ஸ்டார்ட்டரை அதிகம் சுற்ற வேண்டி வருமா? பம்பை நேரடியாக ஓட்ட டாஷ்போர்டில் ஒரு சுவிச் வைக்கலாமா?

மல்டிமீற்றர், தெகிவளை:

டாக்கோ ரிலேயில் முன்நிரப்பும் வசதி இருந்தால் சுவிச் தேவையில்லை. திறப்பைப் போட்டு, பம்ப் நின்றதும் எடுத்து, மறுபடி போடுங்கள். சில தடவை செய்தால் கிண்ணம் நிரம்பிவிடும். ஸ்டார்ட்டர் சுற்றும்போதும் துடிப்பு வருவதால் பம்ப் ஓடும்.

போட்டுவிட்டு மறந்துபோகக்கூடிய சுவிச் மட்டும் வேண்டாம். வைத்தே ஆக வேண்டுமென்றால் விரலை எடுத்ததும் விட்டுவிடும் ஸ்பிரிங் பட்டன் வாங்கி, 30க்கும் 87க்கும் குறுக்கே கொடுங்கள். அதற்கான வயரை பியூஸுக்குப் பிறகு எடுங்கள், பற்றரியிலிருந்து தனியாக இழுக்க வேண்டாம்.